சிறு கொல்லுப் பட்டறைக்குப் பவர் ஹாமர் வாங்கும்போது

ஜாம்ஷெட்பூரில் குடியேறிய நமக்கு இரும்புத் தொழில் என்றால் பெரிய ஆலையும் ஆதித்யபூர் தொழிற்பேட்டையும்தான் நினைவுக்கு வரும். நம் வீட்டு அரிவாள்மணை எங்கே செய்யப்படுகிறது என்று யோசித்தவர் குறைவு. வங்காளியர் 'போட்டி' என்பதும், பீகார்ப் பக்கத்தார் 'பஹ்சுல்' என்பதும், நமது அரிவாள்மணையும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. வாரச் சந்தைக்கு அரிவாளும் மண்வெட்டியும் கோடரியும் கடப்பாரையும் கொண்டுவருகிறாரே லோஹார், அவர்தான் இவற்றையும் செய்கிறார். அவருடைய பட்டறையில் குறட்டால் இரும்பைப் பிடித்துத் திருப்புபவர் ஒருவர், எதிரே நின்று சம்மட்டி அடிப்பவர் ஒருவர் அல்லது இருவர் உண்டு. இந்தச் சம்மட்டி ஆள் இப்போது கிடைப்பதில்லை. லோஹாரின் சொந்த மகனே அந்த வேலைக்கு வர மறுக்கிறான்; அவனைக் குறை சொல்வதற்கும் இல்லை. ஆகவே பட்டறை நிலைக்க வேண்டுமானால் சம்மட்டியின் இடத்தில் ஓர் இயந்திரம் வந்தாக வேண்டும்.

நம் சங்கக் குடும்பங்களிலும் டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ படித்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று எண்ணும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ரயில்வே பட்டறையில் ஹாமர்களோடு பல ஆண்டுகள் கழித்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சற்று அழுத்தமாகவே சொல்வேன்.

ஹாமரால் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். ஆள் கூலி மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. உலையிலிருந்து எடுத்த இரும்பு அடிக்கத் தகுந்த சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே பெரிது. அதற்குள் ஒரு மனிதர் எத்தனை சம்மட்டி அடிக்க முடியும்? முப்பது, நாற்பது. சிறிய பவர் ஹாமரோ நிமிடத்திற்கு 200 அடிக்கு மேல் அடிக்கும். ஐந்தாறு முறை உலைக்குள் போய் வந்த கடப்பாரை நுனி, ஒரே சூட்டில் அல்லது இரண்டு சூட்டில் முடிந்துவிடும். நிலக்கரி மிச்சம். ஒவ்வொரு சூட்டிலும் செதிலாக உதிர்ந்துபோகும் இரும்பும் மிச்சம். எஃகின் மேற்பரப்பிலுள்ள கார்பன் எரிந்து போவதும் குறைவதால் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

இனி இயந்திரங்களைப் பார்ப்போம். சிறு பட்டறைக்கு ஏற்றவை இரண்டு வகை.

முதலாவது ஸ்பிரிங் ஹாமர். லாரிக்கு இருப்பதுபோன்ற பட்டை ஸ்பிரிங் கற்றை (இங்கே அதற்குக் 'கமானி' என்று பெயர்) ஒன்றின் ஒரு முனையைக் கிராங்க் மேலும் கீழும் ஆட்டும். மறு முனையில் 'டப்' எனப்படும் எடைக்கட்டி தொங்கும். மோட்டார், பெல்ட், காலால் மிதிக்கும் பெடல், அவ்வளவுதான். ரிப்பேர் வந்தால் உள்ளூர் லேத்துக் கடையில் சரிசெய்துவிடலாம். விலையும் குறைவு. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. கிராங்க் கீழ்ப்புள்ளியில் நிற்கும்போது மேல் டைக்கும் கீழ் டைக்கும் இடையே, வேலையின் கனத்தைவிடச் சற்று அதிகமான இடைவெளி இருக்க வேண்டும். ஸ்பிரிங் வளைந்து வீசுவதால்தான் அடி விழுகிறது. கனம் மாறினால் இந்த இடைவெளியையும் மாற்ற வேண்டும். காலை முழுதும் அரிவாள், மாலை முழுதும் கடப்பாரை என்று வேலையைப் பிரித்துக்கொள்பவருக்கு இது ஒரு குறையே அல்ல.

இரண்டாவது ஏர் ஹாமர். இதில் இரண்டு சிலிண்டர்கள். ஒன்றில் மோட்டார் ஓட்டும் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது; அந்தக் காற்று மற்றதிலுள்ள டப்பை ஏற்றி இறக்குகிறது. தனியாகக் கம்ப்ரஸர் வேண்டாம். வேலையின் கனம் எதுவானாலும் தானே சரிசெய்துகொள்ளும். பெடலை மெல்ல மிதித்தால் தட்டும், அழுத்தி மிதித்தால் இடிக்கும். முன்னோடியான ஸ்டீம் ஹாமருக்கு ஜேம்ஸ் நாஸ்மித் 1839இல் வரைபடம் போட்டு 1842இல் காப்புரிமை பெற்றார். ஒயின் கிளாசில் வைத்த முட்டையின் ஓட்டை, கிளாசுக்குச் சேதமில்லாமல் அந்த ராட்சதனைக் கொண்டு தட்டிக் காட்டுவது அக்காலத்து வித்தை. அந்த நயம் சிறிய ஏர் ஹாமரிலும் உண்டு. விலை அதிகம், பிஸ்டன் வளையமும் வால்வும் தேய்ந்தால் உள்ளூரில் சமாளிப்பது கடினம்.

வீடுகள் நெருங்கிய சந்தில் பட்டறை இருந்தால் ஹைட்ராலிக் பிரஸ்ஸையும் யோசிக்கலாம். அதிர்ச்சியும் இல்லை, பெரிய சத்தமும் இல்லை. ஆனால் அழுத்தும் நேரம் நீளுவதால் மெல்லிய வேலை டையில் பட்டுச் சீக்கிரம் ஆறிவிடும். அரிவாள் செய்பவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

"எத்தனை கிலோ?"

ஹாமர் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. டப்பின் எடையைத்தான் குறிப்பிடுகிறார்கள். நம் உறுப்பினர் ஒருவரின் மகன், மெக்கானிகல் டிப்ளமா படித்தவன், கர்காய் ஆற்றுக்கு அப்பாலுள்ள வயதான லோஹார் ஒருவருடன் கூட்டாகப் பட்டறை போட இருப்பதாகச் சொல்லி ஒரு கொட்டேஷனுடன் வந்தான். பழைய 75 கிலோ ஏர் ஹாமர், மலிவான விலை.

"அங்கிள், 40 கிலோ புதுசு விலையிலேயே 75 கிடைக்குது. பெரிசாவே வாங்கிடலாமே?" என்றான்.

"மிஸ்திரிஜி அடிக்கிற வேலையிலேயே கனமானது எது?" என்று கேட்டேன்.

"கடப்பாரை. 32 மில்லிமீட்டர்."

"சரி, இந்தக் கொட்டேஷன்ல அடிப்பட்டடை எங்கே இருக்கு?"

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பட்டடை அதில் இல்லை. கேட்டபோது, அது முன்பே பழைய இரும்பாகப் போய்விட்டது, ஒரு கட்டியை வார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னாராம்.

இதுதான் இத்தொழிலில் பணம் முழுகும் இடம். கண்ணுக்குத் தெரிவது மேலே ஆடும் டப். வேலை செய்வதில் சரிபாதிப் பங்கு கீழே அசையாமல் இருக்கும் கட்டிக்கு உண்டு. தொங்கும் பலகையில் ஆணி அடித்துப் பாருங்கள். பலகைதான் துள்ளும், ஆணி இறங்காது. அதே தத்துவம்தான் இங்கும். பட்டடையின் எடை டப்பைப்போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணை அதனுடன் ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்தால், அடியின் சக்தியில் எவ்வளவு பங்கு இரும்பை நசுக்கப் பயன்படுகிறது என்று தெரியும். 5 மடங்கானால் 5/6, அதாவது 83 சதவீதம். 10 மடங்கானால் 91. 20 மடங்கானால் 95. பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றலாம். மிச்சத்தைப் பாருங்கள்: 17, 9, 5. இந்த மிச்சம்தான் தரைக்குள் இறங்கி, சுவரை விரிசலாக்கி, பக்கத்து வீட்டுக்காரரை வாசலுக்கு அழைத்து வருகிறது. 10 மடங்குக்குக் குறைந்த பட்டடையோடு எந்த ஹாமரையும் வாங்காதீர்கள். 15 மடங்கு கிடைத்தால் நல்லது.

40 கிலோ ஏர் ஹாமர் சுமார் 50 மி.மீ. சதுரக் கம்பி வரை தாங்கும். 32 மி.மீ. கடப்பாரைக்கும், லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்யும் கோடரி, அரிவாள்மணைக்கும் அது தாராளம். 75 கிலோவை வாங்கினால் மோட்டார், அஸ்திவாரம், மின்சார லோடு எல்லாமே சேர்ந்து ஏறும். மெல்லிய அரிவாளோ ஒரே அடியில் அப்பளமாகிவிடும்.

தரைக்குக் கீழே

அஸ்திவாரத்தைக் கொத்தனாரின் யூகத்துக்கு விடக்கூடாது. ஹாமர் அஸ்திவாரத்துக்கென்றே ஐ.எஸ். 2974, இரண்டாம் பகுதி என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. டிப்ளமா படித்த பிள்ளைகளால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். முக்கியமானவை: கான்கிரீட் கட்டி கம்பி கட்டியதாக, ஒரே முறையில் நிறுத்தாமல் கொட்டியதாக இருக்க வேண்டும். சுவர் அஸ்திவாரத்தை அது எங்கும் தொடக்கூடாது. சுற்றிலும் இடைவெளி விட்டு மணல் நிரப்பலாம். கொட்டிய 28 நாட்களுக்குப் பிறகே ஹாமரை ஓட்ட வேண்டும். கடன் தவணை ஓடுகிறதே என்று பத்தாம் நாளே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

பட்டடைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் மரம் வேண்டும். இங்கே நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. சிங்பூம் காடுகளின் சால் மரம்தான் ஒரு காலத்தில் ரயில் தண்டவாளத்தின் கீழ் ஸ்லீப்பராகக் கிடந்து வண்டிகளைத் தாங்கியது. ஹாமர் அடிக்கும் அதைவிடப் பொருத்தமான மரத்தைத் தேட வேண்டியதில்லை. நன்கு உலர்ந்த சால் கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேல்பரப்பை ஒரே மட்டமாக இழைத்து வையுங்கள். முதல் சில மாதங்களில் அது சற்று அமுங்கும். மட்டப்பலகை வைத்துப் பார்த்து நட்டுகளை இறுக்க வேண்டும்.

பட்டடைக்குத் தண்டவாளத் துண்டை வைத்துக்கொள்ளலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கைவேலைக்கு நல்லதுதான், படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி நட்டால் அடி நன்றாக ஏறும். ஆனால் ரயில்வே ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து பில்லோடு வாங்குங்கள். கணக்குக் காட்ட முடியாத ரயில்வே பொருளை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பழைய ஹாமரே வாங்குவதானால்

பெயிண்ட் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். ஃபிரேம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. விரிசலை வெல்டிங்கால் மூடி மேலே பெயிண்ட் அடித்திருக்கலாம். ரயில்வேயில் நாங்கள் செய்யும் எளிய சோதனையைச் சொல்கிறேன். சந்தேகமான இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பொடியைக் கரைத்துப் பூசுங்கள். அது காய்ந்தபின் பக்கத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் கறுத்த கோடாகத் தெரியும். டை உட்காரும் புறாவால் வெட்டின் மூலைகளில் இதை அவசியம் செய்யுங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

பிறகு டப் ஓடும் வழிகாட்டியில் ஃபீலர் கேஜ் விட்டு ஆட்டத்தைப் பாருங்கள். சரிசெய்யும் ஜிப் பட்டையில் இன்னும் இடம் மிச்சமா, கடைசி வரை இறுக்கியாகிவிட்டதா என்றும் பாருங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டுப் பேரிங்குகளைத் தொட்டால் கை தாங்க வேண்டும். பழுத்த இரும்பு ஒன்றை வைத்து மெல்லிய அடியும் கனத்த அடியும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். உலை இல்லை, காலியாக ஓட்டிக் காட்டுகிறேன் என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

மோட்டார் மூன்று பேஸ் 415 வோல்ட்டாகவே இருக்கும். எனவே மின் இணைப்புக்கு மனுப்போடுவது இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நடக்க வேண்டிய காரியம். செலவைக் கண்டு பயப்பட வேண்டாம். 5 குதிரைத்திறன் மோட்டார் 3.7 கிலோவாட், நாளொன்றுக்கு 4 மணி நேரம் முழு லோடில் ஓடினாலும் 15 யூனிட் அளவுதான். அதை உங்கள் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உலையையும் மறந்துவிடக்கூடாது. ஹாமர் ஐந்து மடங்கு வேகமாக அடித்தால் உலையும் அந்த வேகத்தில் இரும்பைக் காய்ச்சித் தர வேண்டும். கைத்துருத்தியை வைத்துக்கொண்டு ஹாமர் வாங்குவது, மாட்டு வண்டிக்கு லாரி எஞ்சின் வைப்பதுதான். மின் ப்ளோயரும் நல்ல கோக் கரியும் வேண்டும். ஜரியா இருக்கும் மாநிலத்தில் கோக்குக்குப் பஞ்சமில்லை. கந்தகம் மிகுந்த கரியை மட்டும் தவிர்க்க வேண்டும், அது எஃகைச் சூட்டிலேயே வெடிக்க வைக்கும்.

கடன் வசதி பற்றி இரண்டு வரி. 2023 செப்டம்பர் 17இல், விஸ்வகர்மா பூஜையன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லர் தொழிலும் உண்டு. கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவி, 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். கையால் தொழில் செய்பவருக்கு என்பதால் லோஹாரே மனுச் செய்ய வேண்டும். முத்ரா கடன் பாக்கி வைத்திருப்பவர் இதில் சேர முடியாது. ஆகவே இந்தக் கூட்டில் லோஹார் விஸ்வகர்மாவிலும், பையன் முத்ராவில் 50,000க்கு மேல் 5 லட்சம் வரையுள்ள 'கிஷோர்' பிரிவிலும் மனுப்போடுவது என்று முடிவாயிற்று.

ஓட்டும்போது

சாதா இரும்பை 1,200 டிகிரி சென்டிகிரேடு அளவில், மஞ்சள் நிறத்தில் எடுத்து அடிக்கலாம். லாரி ஸ்பிரிங் எஃகை அவ்வளவு காய்ச்சக்கூடாது, 1,100ஐத் தாண்டவிடாதீர்கள். எதுவானாலும் 850க்குக் கீழே, மங்கிய சிவப்புக்கு வந்தபின் ஹாமரில் அடிப்பது தவறு. கைச்சம்மட்டி அதை மன்னிக்கும், இயந்திரம் மன்னிக்காது. அன்று தெரியாத விரிசல், விற்ற கோடரியில் விவசாயியின் கையில் போய்த் தெரியும்.

குறட்டின் பிடி எப்போதும் உடம்புக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், வயிற்றுக்கு நேரே அல்ல. வேலை டையின்மேல் தட்டையாகப் படியாவிட்டால் முதல் அடியிலேயே குறடு எகிறும். இரும்பு இல்லாமல் டையோடு டை மோதும்படி ஓட்டாதீர்கள். காதுக்கு அடைப்பான் கட்டாயம். "பழகிவிட்டது, சத்தம் தெரிவதில்லை" என்று மிஸ்திரிஜி சிரிக்கிறார். பழகவில்லை, செவி போய்விட்டது என்றே அதற்குப் பொருள்.

டையை இறுக்கும் ஆப்பைத் தினமும் காலையில் தட்டிப் பார்க்க வேண்டும். கழற்றும்போது பித்தளைத் துண்டு வைத்தே அடியுங்கள். எஃகின்மேல் எஃகால் அடித்தால் தெறிக்கும் சில்லு கண்ணில்தான் போய் நிற்கும். பிறகு, நம் ஊர்ப் பக்கம் தேவைப்படாத ஒரு பழக்கம்: டிசம்பர், ஜனவரிக் காலைகளில் டை சில்லிட்டுக் கிடக்கும். அந்தக் குளிர்ந்த எஃகில் முதல் அடியையே ஓங்கி அடித்தால் டை பிளந்துவிடும். பழுத்த இரும்புத் துண்டு ஒன்றை இரண்டு டைக்கும் நடுவே வைத்து, கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் வரை காத்திருங்கள். கால்மணி நேரம் ஆகும்; அதற்குள் எண்ணெய்க் கிண்ணங்களை நிரப்பிவிடலாம்.