மோட்டார் சைக்கிளின் மூச்சு

மோட்டார் சைக்கிள் பெட்ரோலால் ஓடுகிறது என்கிறோம். அது பாதி உண்மையே. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும்.

என் தந்தையார் ஓட்டிய பழைய 350 புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் நீளம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே காற்றை உறிஞ்சும். நிமிடத்திற்கு 5000 சுற்று என்றால் 2500 மூச்சு. ஒவ்வொரு மூச்சிலும் சிலிண்டர் முற்றும் நிரம்பினால் 865 லிட்டர் காற்று. உண்மையில் அது முற்றும் நிரம்புவதில்லை. வடிகட்டியும் குறுகிய வழியும் தடுக்கின்றன. இத்தடையைக் குறைப்பதே நம் நோக்கம்.

நான் முதலில் செய்தது மூடத்தனம். தடையென்று எண்ணி வடிகட்டியையே கழற்றி எறிந்தேன். டில்லியின் மே மாதப் புழுதிக் காற்று நேரே உள்ளே சென்றது. கோடை கழியுமுன் சைலன்சரில் நீலப்புகை! பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, சிலிண்டர் சுவரெல்லாம் கீறல். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க நேர்ந்தது. தந்தையார் கடிந்துகொள்ளவில்லை. "உள்ளே எதை வேண்டுமானாலும் செய்; ஆனால் படித்துவிட்டுச் செய். வெளியே பார்த்தால் இது என் வண்டியாகவே இருக்க வேண்டும்" என்றார். அதன் பின்னரே முறையாகக் கற்றேன்.

முதலாவது, வடிகட்டியின் பரப்பு. பரப்பை இருமடங்காக்கினால் அதனூடே செல்லும் காற்றின் வேகம் பாதியாகும், தடையும் குறையும். ஆகவே பழைய தகரப்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, அதனுள் அடங்கும் வரையில் மடிப்பு மிகுந்த வடிகட்டியை அமைக்க வேண்டும்.

இரண்டாவது, காற்று நுழையும் வாய். பெட்டியின் உட்புறச் சுவரில், சட்டத்தை நோக்கிய பக்கத்தில், துளைகளைப் பெருக்கலாம், வெளியே தெரியாது. ஆனால் துளை வடிகட்டிக்கு முன்னே இருக்க வேண்டும். பின்னே இட்டால் தூசி தடையின்றிச் செல்லும். எஞ்சினின் சூட்டை நோக்கியும் இடலாகாது. 27 டிகிரிக் காற்று 57 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். பெற்ற பயனெல்லாம் போய்விடும்.

மூன்றாவது, பெட்ரோலின் அளவு. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். காற்று தாராளமாக வந்து பெட்ரோல் பழைய அளவிலேயே நின்றால் கலவை மெலிந்து எஞ்சின் மிகச் சூடாகும். பிஸ்டன் இறுகவும் கூடும். கார்புரேட்டரின் பிரதான ஜெட்டை ஒவ்வோர் எண்ணாக உயர்த்த வேண்டும். முழு விசையில் சிறிது தூரம் ஓட்டி, எஞ்சினை உடனே நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகுதி, இளம்பழுப்பாயிருந்தால் சரி. நடு வேகத்தில் குறை தெரிந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றுக. ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். இறுதியாகப் புகைச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இவை கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கே பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கேற்ற வண்டிகளில் பெட்ரோல் அளவைக் கணிப்பொறியே வகுக்கிறது. அங்கே கை வைப்பது வேறு கலை.

இத்தனையும் செய்தால் பெருவலிமை வந்துவிடுமா? வராது. மேட்டில் வண்டி திணறாமல் ஏறும், விசை திருகியவுடன் தயங்காமல் பாயும், அவ்வளவே. சென்ற விடுமுறையில் ஊருக்கு அனுப்பிய வண்டியைத் தந்தையார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாற்றம் ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை. ஓட்டிவிட்டு வந்து, "என்னடா செய்தாய்?" என்று மட்டும் கேட்டார். நான் கற்ற பாடத்திற்கு அதுவே தேர்ச்சிச் சான்று.