கதவுக்குள் ஒரு கைத்தொழில்: பைபர் ஸ்பீக்கர் கூடு கட்டுமா, கட்டாதா?

பஞ்சிகாவத்தைக்குப் போய்வரும் வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்பீக்கர், அம்ப், செட் என்று பெட்டியோடு வாங்கிப் பெட்டியோடு விற்பதில் இலாபம் மெலிந்து போய்விட்டது. பக்கத்துக் கடை நூறு ரூபா குறைத்தால் நாமும் குறைக்க வேண்டும். வாடிக்கையாளர் கையில் போனை வைத்து விலையைப் பார்த்துக் கொண்டேதான் பேரம் பேசுகிறார். ஆனால் அதே ஸ்பீக்கரை அவருடைய காரின் கதவோடு ஒட்டிப் பிறந்தது போலப் பொருத்தித் தரும் பைபர் கூட்டை அவர் எந்தப் பெட்டியிலும் வாங்க முடியாது. அதற்கு விலை சொல்பவர் செய்கிறவர்தான்.

குருநாகல் பக்கம் குஷன் வேலைத்தளம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “நானா, சீட் கவர் வேலையோட இதையும் சேர்த்தா கட்டுமா? ஒரு பாஸை மாசச் சம்பளத்துக்கு எடுக்க யோசிக்கிறேன்.” இரண்டு குடும்பத்தின் சோற்றோடு சம்பந்தப்பட்ட கேள்வி இது. வாயால் ‘கட்டும்’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் மக்கள் இருக்கிற வாகனத்தையே புதுப்பித்து ஓட்டினார்கள். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டுவிட்டுப் பழைய வெகன் ஆரையும் அக்குவாவையுமே சோடித்துக் கொள்பவர்கள் நிறையப் பேர்.

முதலில், இந்தக் கூடு எதற்கு? கம்பெனி ஸ்பீக்கர் கதவின் அடியில், காலைப் பார்த்து இருக்கும். தாழ்ந்த ஓசை எங்கும் பரவும். உயர்ந்த ஓசை நேர்கோட்டில் போகும். முழங்காலைப் பார்த்து அடிக்கும் ஓசை காதுக்கு மங்கியே வரும். ஆகவே ஸ்பீக்கரைச் சற்று மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பீக்கரின் முன்புறத்து ஓசையும் பின்புறத்து ஓசையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. சுற்றிலும் இடைவெளி இருந்தால் இரண்டும் கலந்து பேஸ் அடிபட்டுப் போகும். மெல்லிய பிளாஸ்டிக்கில் ஆடிக் கொண்டிருக்கும் விலை கூடிய ஸ்பீக்கரை விட, இறுக்கமான கூட்டில் இருக்கும் நடுத்தர ஸ்பீக்கர் நன்றாகப் பாடும். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் வேலை கிடைக்கும்.

இனி வேலை முறை. கதவுப் பலகையைக் கழற்றி, கண்ணாடியை முழுதாக இறக்கி, ஸ்பீக்கரின் காந்தம் அதில் முட்டாமல் இருக்க எவ்வளவு ஆழம் உண்டு என்று அளந்து குறித்துக் கொள்ள வேண்டும். கதவைச் சாத்தும்போது கூடு டாஷ்போர்டிலோ சீட்டிலோ இடிக்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

பிறகு பலகையின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு படை ஒட்டி, அதன்மேல் வாக்ஸ் பூசி, 450 கிராம் மேட்டை ரெசினில் நனைத்து மூன்று படை இட வேண்டும். படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரும். காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்காதபடி பிரஷால் குத்திக் குத்தி வெளியேற்ற வேண்டும். இறுகிய பின் கழற்றினால், அந்தப் பலகையின் வளைவு நெளிவெல்லாம் பதிந்த அடித்தட்டு கையில் இருக்கும்.

அடுத்து 18 மில்லிமீற்றர் எம்.டி.எப். பலகையில் ஸ்பீக்கருக்கு வளையம் வெட்ட வேண்டும். ஆறரை இஞ்சி என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வெட்டாமல் ஸ்பீக்கரையே கையில் எடுத்து அளவு பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி துளை வித்தியாசப்படும். வளையத்தைச் சின்ன மரக் குச்சிகளால் அடித்தட்டின் மேல் நிறுத்தி, வாடிக்கையாளரைச் சீட்டில் உட்காரவைத்து, சாய்வை அவர் காதுக்குப் பார்த்து ஒட்டுங்கள். இந்தப் பத்து நிமிடம் அவருக்கு நம்பிக்கையையும் தரும்.

அதன்பின் பழைய டீசேர்ட் போன்ற இழுபடும் துணியை வளையத்தின் மேலால் இழுத்து, சுருக்கமில்லாமல் விளிம்பில் ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். துணி தானாகவே அழகான வளைவை எடுத்துக் கொள்ளும். குஷன் வேலை தெரிந்தவனுக்கு இதில் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. துணி நன்றாகக் குடிக்கும்வரை ரெசின் பூசி, இறுகியதும் உட்புறத்தில் இன்னும் இரண்டு படை மேட் இட வேண்டும். துணியும் ரெசினும் மட்டுமென்றால் அது வெறும் ஓடு. ஒரு உதை பட்டால் உடைந்துவிடும். கடைசியாகப் பில்லர் பூசி, 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பரில் தொடங்கி 320 வரை தேய்த்து, பெயின்ட் அடிக்கலாம் அல்லது றெக்சின் ஒட்டலாம். றெக்சின் சின்னச் சின்னக் குறைகளை மறைக்கும், பெயின்ட் மறைக்காது.

ரெசினும் ஹார்ட்னரும்தான் இந்தத் தொழிலின் உயிர். நூறு கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் ஹார்ட்னர். நமது வெயிலுக்கு ஒன்றுக்குக் கிட்டவே போதும். சீக்கிரம் முடிய வேண்டுமென்று கூட்டி ஊற்றினால் கலவை சூடேறிப் புகைந்து, கூடு வெடித்துக் கோணிப் போகும். சிறிய தராசு ஒன்று வாங்குங்கள், மூடிக் கணக்கு வேண்டாம். இன்னொன்று: ரெஜிபோமைச் செதுக்கி உருவமைத்து அதன்மேல் நேரடியாகப் பூச நினைப்பவர்கள் உண்டு. பொலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்து விழுங்கிவிடும்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதில் பயனில்லை. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாதவனைக் கலக்க விடாதீர்கள். சில ரெசினுக்குக் கோபால்ட் தனியாக வரும். அதையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முன்பே கோபால்ட் கலந்த ரெசினைக் கேட்டு வாங்குவது புத்தி. ரெசின் வாடைக்குச் சாதாரணத் துணி மாஸ்க் உதவாது, கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசுக்கும் மாஸ்க் வேண்டும். பின்கதவு இல்லாத சின்ன அறையில் இந்த வேலையை வைக்கவே கூடாது. அசிட்டோன் தகரத்தைத் திறந்துவைத்துக் கொண்டு பக்கத்தில் சிகரட் பற்றவைக்கும் பாஸ்மாரை நான் கண்டிருக்கிறேன். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அப்படிப்பட்டவரை நான் வேலைக்கு எடுக்க மாட்டேன்.

வாகனத்தில் போகிறவரின் உயிர் விடயமும் உண்டு. முன் கண்ணாடி ஓரத்துத் தூணில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பார்கள். கேர்ட்டன் எயார்பேக் உள்ள கார்களில் அது அந்தத் தூணின் ஓரமாகத்தான் விரியும். அங்கே பைபர் கூடு இருந்தால் விபத்தில் அதுவே முகத்தில் அடிக்கும். சில கார்களின் கதவுக்குள் காற்றழுத்தத்தைப் பார்க்கும் எயார்பேக் சென்சர் இருக்கிறது. அப்படிப்பட்ட கதவின் துவாரங்களை அடைப்பதும் வெட்டுவதும் நம் வேலையல்ல. வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கதவின் அடியிலுள்ள தண்ணீர்த் துவாரத்தையும் மூடாதீர்கள். மழைத்தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும்.

இப்போது கணக்குக்கு வருவோம். முன்கதவு ஒரு சோடிக்கு மேட் ஒரு கிலோவும் ரெசின் மூன்று கிலோவும் தேவைப்படும். பார்க்கப் போனால் சாமான் செலவு பெரிதல்ல. நேரத்தைப் பாருங்கள்: அடித்தட்டு 3 மணித்தியாலம், வளையமும் சாய்வும் 2, துணியும் ரெசினும் 2, உட்புற மேட் ஒன்றரை, பில்லரும் தேய்ப்பும் 8, றெக்சின் 3, பொருத்துதல் 2. மொத்தம் 21½ மணித்தியாலம், இறுகக் காத்திருப்பது வேறு. தேய்ப்பு மட்டுமே முழுநாள்! சாமான் விலையை இரட்டித்துக் கூலி சொல்கிறவர்கள் இந்தத் தேய்ப்பில்தான் முதலை இழக்கிறார்கள். பாஸுடைய ஒரு மணித்தியாலச் சம்பளம், கடை வாடகை, மின்சாரம் ஆகியவற்றை 21½ஆல் பெருக்கி, அதன்மேல் சாமானையும் இலாபத்தையும் வையுங்கள். அந்த விலைக்கு உங்கள் ஊரில் ஆள் இல்லையென்றால் மாசச் சம்பளத்துக்கு பாஸ் எடுக்க வேண்டாம். வேலைக்கு இவ்வளவு என்று பேசிக் கொள்ளுங்கள்.

கட்டும் வழி ஒன்று இருக்கிறது: அச்சு. ஒரே மாதிரிக் கார் அடிக்கடி வந்தால், முதல் கூட்டை நன்றாக மினுக்கி, பல தடவை வாக்ஸ் ஏற்றி, அதிலிருந்து தடித்த அச்சு எடுங்கள். கூடு அச்சுக்குள் சிக்காமல் கழன்று வரும்படி உட்சரிவு இல்லாமல் அமைய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அச்சுக்கு மேலதிகமாக இரண்டு நாள் போகும். அடுத்த சோடிக்கோ மேட் இடுதல் 3, விளிம்பு வெட்டல் ஒன்றரை, பினிஷிங் 3, பொருத்துதல் 2, ஆக 9½ மணித்தியாலம்தான். சோடிக்கு 12 மணித்தியாலம் மிச்சம். இரண்டாவது சோடியிலேயே அச்சின் கூலி திரும்பி வந்துவிடும். அதன்பின் மற்றக் கடைகளுக்கும் மொத்தமாகக் கொடுக்கலாம்.

பாஸ் தேடுகிறவர்கள் கார் கராஜுக்குள் மட்டும் தேட வேண்டாம். நீர்கொழும்பு, பேருவளை, வாழைச்சேனை என்று மீன்பிடிப் படகு உள்ள ஊர்களிலெல்லாம் பைபர் தெரிந்த கைகள் இருக்கின்றன. ஆனால் 2004 சுனாமிக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட படகுகளில் தரங்கெட்டவையும் நிறைய இருந்தன. ஆகவே எடுப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டு போடச் சொல்லி, இறுகியதும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேட் முழுதும் நனைந்து ஒரே உடம்பாக இருக்க வேண்டும். வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் உள்ளே ரெசின் போகவில்லை என்று அர்த்தம்.

குருநாகல் தம்பிக்கு நான் சொன்னது, முதலில் வேலைக்குக் கூலி பேசி வெகன் ஆருக்கு மட்டும் ஒரு அச்சுப் போடுங்கள், முற்பணம் பாதி வாங்காமல் எந்தக் கதவையும் கழற்றாதீர்கள், மாதச் சம்பளப் பேச்சை ஆறு சோடி விற்ற பிறகு எடுப்போம்.