அரை அங்குலத் துளை

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

உன் கடிதமும் வரைபடமும் வந்து சேர்ந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து 3 அங்குல ஆர்ட்னன்ஸ் ரைஃபிளை ஆறில் ஒரு பங்காகச் செய்யப் போகிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. பென்சில்வேனியாவில் வந்து குடியேறியவனுக்கு இதைவிடப் பொருத்தமான பீரங்கி கிடைக்காது. ஃபீனிக்ஸ்வில் ஊரின் இரும்பாலையில் செய்தது. கெட்டிஸ்பர்க் வயல்களில் இன்றும் நின்றுகொண்டிருப்பது. கண்ணுக்கு அழகானதும் அதுதான். வளையம், பூண், வேலைப்பாடு எதுவும் இல்லாமல் அடியிலிருந்து வாய்வரை ஒரே நீரோட்டமாக இறங்கும் குழல்.

உன் வரைபடத்தில் எல்லா அளவுகளையும் ஆறால் வகுத்திருக்கிறாய். அங்கிருந்தே தொடங்குகிறேன். அசல் குழலின் எடை ஏறக்குறைய 820 பவுண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறில் ஒன்றாகும்போது எடை 216இல் ஒன்றாகிவிடும். உன் குழல் நான்கு பவுண்டுகூடத் தேறாது. ஒரு கையால் தூக்கிவிடலாம். தூக்கிப் பார்த்த கை அதை விளையாட்டுப் பொருள் என்று சொல்லும். அதை நம்பாதே. 3 அங்குலத் துளை ஆறில் ஒன்றானால் அரை அங்குலம். இந்த ஊரில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வாய்வழி வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் துளையும் அதே அரை அங்குலம்தான். எடையும் நீளமும் சுருங்கின. மருந்து எரிந்து எழும் அழுத்தம் உன் அளவுகோலைக் கேட்டுக்கொண்டு எழுவதில்லை.

அதனால்தான், வீட்டில் கிடக்கும் பைப்பைக் குழலுக்குள் செருகி வெளியே பித்தளையால் மூடிவிடலாமா என்ற உன் கேள்விக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. தண்ணீர்க் குழாயில் நீளவாக்கில் ஒரு பற்றுத் தையல் ஓடும். மேலே பாலிஷ் போட்டுவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உலோகம் முதலில் பிளக்கும் இடம் அதுதான். வார்ப்பிரும்பும் வேண்டாம், வார்ப்பின் உள்ளே காற்றுக் குமிழி எங்கே இருக்கிறது என்று வார்த்தவருக்கே தெரியாது. என்ன எஃகு, எந்த ஆலையில் வந்தது என்ற சான்றோடு கிடைக்கும் தையலற்ற எஃகில்தான் துளை இருக்க வேண்டும். மருந்து இருக்கும் இடத்தைச் சுற்றி, துளையின் விட்டம் அளவுக்காவது சுவர்க் கனம் வேண்டும். அடிப்பகுதி, குழலோடு சேர்ந்த ஒரே எஃகுத் துண்டாகவே இருக்கட்டும். மரையைத் திருகி அடைத்த அடிப்பகுதியை நம்பி உன் பின்னால் யாரையும் நிற்க வைக்காதே.

நான் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1844 பிப்ரவரி 28 அன்று பொடோமாக் ஆற்றில் பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலில் ‘பீஸ்மேக்கர்’ என்ற பெரும் பீரங்கியை விருந்தினர் முன்னிலையில் சுட்டுக் காட்டினார்கள். தேனிரும்பில் அடித்துச் செய்தது, துளை 12 அங்குலம். அன்று அதற்கு முன் ஒழுங்காகவே சுட்ட அதே பீரங்கி, கடைசியாகச் சுட்டபோது அடிப்பகுதி பிளந்து சிதறியது. வெளியுறவுச் செயலாளர் ஏபெல் அப்ஷர், கடற்படைச் செயலாளர் தாமஸ் கில்மர் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் ஜான் டைலர் அந்நேரம் கீழ்த்தளத்தில் இருந்ததால் பிழைத்தார். அவ்வளவு பெரிய இரும்புப் பிண்டத்தை உள்ளே வரை ஒன்றாக ஒட்டும்படி அடிக்க முடியவில்லை. போதிய சோதனையும் நடக்கவில்லை.

இனி உன் பீரங்கியின் கதைக்கு வா. அதுவும் தேனிரும்புதான். ஃபீனிக்ஸ் ஆலையின் ஜான் கிரிஃபன், இரும்புப் பட்டைகளை அச்சுக்கோலின் மேல் சுருள்சுருளாகச் சுற்றி, அடுக்கின் மேல் அடுக்கு ஏற்றி, சூட்டில் ஒன்றாகப் பற்றவைத்து, அதன் பிறகே துளை போட்டார். முதல் மாதிரியை 1856இல் மன்றோ கோட்டையில் வேண்டுமென்றே வெடிக்கவைக்கப் பார்த்தார்கள். ஐந்நூறு முறை சுட்டும் அசையவில்லை. மருந்தையும் குண்டையும் கூட்டிக்கொண்டே போனார்கள். ஏழு பவுண்டு மருந்தும், வாய்வரை முட்டும்படி பதின்மூன்று குண்டும் திணித்த பிறகுதான் பிளந்தது. இரும்பின் வகை ஒன்றே. ஒன்றைச் செய்தவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று நம்பினார்கள், மற்றொன்றைச் செய்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

ஊருக்குப் போகும்போது தஞ்சாவூர் கீழவாசலில் பீரங்கி மேட்டுக்கு ஒருமுறை ஏறிப் பார். நாயக்கர் காலத்தில் நம் கொல்லர்கள் நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் வளையம் வளையமாகச் சூட்டில் இறக்கிச் செய்த பீரங்கி, ஏறக்குறைய 25 அடி நீளம். பக்கத்தில் போய் நின்றால் வளையங்களின் விளிம்பு தெரியும். லேத்தும் போரிங் பாரும் இல்லாமல் அதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

குழல்தான் கடினம், வண்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல எஃகும் கூரான ரீமரும் பொறுமையும் இருந்தால் குழலை லேத் முடித்துக் கொடுத்துவிடும். சக்கரம்தான் உன் கையைச் சோதிக்கும். அசல் சக்கரம் 57 அங்குல விட்டம். உனக்கு ஒன்பதரை வரும். நடுவில் குடம், பதினான்கு ஆரக்கால், ஏழு வட்டை. ஒவ்வொரு வட்டையிலும் இரண்டு ஆரக்கால் இறங்கும். ஆரக்கால்கள் ஒரே தளத்தில் நிற்பதில்லை. குடத்திலிருந்து சற்றே வெளிப்பக்கம் சாய்ந்து, சக்கரம் ஆழமில்லாத தட்டுப்போல் குழிந்திருக்கும். வண்டி பக்கவாட்டில் ஆடும்போது தாங்குவது அந்தச் சாய்வுதான். தட்டையாகச் செய்த சக்கரத்தைப் பத்தடி தள்ளி நின்றே பொம்மை என்று சொல்லிவிடலாம். ஆரக்கால்களைச் சாய்த்துப் பிடிக்க முதலில் ஒரு அச்சுப் பலகை செய்துகொள். இரும்புப் பட்டாவைச் சற்றுச் சிறியதாக வளைத்து, பழுக்கக் காய்ச்சி ஏற்றி, தண்ணீர் ஊற்று. நம்மூர் மாட்டுவண்டிக்குப் பட்டா கட்டும் அதே முறைதான். பட்டா இறுகும்போது மூட்டெல்லாம் முறுமுறுத்து உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

மரம் பற்றி ஒரு எச்சரிக்கை. அசல் வண்டி ஓக் மரம். நீ ஓக் வாங்காதே. ஓக்கின் நரம்பும் கண்ணும் உன் அளவில் பூதாகரமாகத் தெரியும். செர்ரியோ பேரி மரமோ, நார் நெருக்கமாக உள்ளதை எடு. மேலே ஆலிவ் பச்சை வண்ணம் வந்த பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.

பற்றவைக்கும் துளையும் ஆறால் வகுபடாது. வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும், முதல் வேட்டிலேயே கரி அடைத்துக்கொள்ளும். நீ வாங்கப்போகும் திரி எவ்வளவு தடிமனோ அதற்கேற்பப் போடு. அளவில் பிசகினாய் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மருந்தளவை மட்டும் கடிதத்தில் எழுத மாட்டேன். சுடுகளத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்று அளவுக் குப்பியைப் பார்த்துக் கற்றுக்கொள். கடையில் வாங்கிய கறுப்பு மருந்து மட்டுமே. நீயாக எதையும் கலக்காதே. புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட அந்தக் குழலுக்குள் போகக் கூடாது. அதன் அழுத்தம் நல்ல எஃகையும் கிழித்துவிடும். புதுக் குழலை முதன்முதலில் சுடும்போது நீண்ட திரி, கனத்த மறைப்பு, எல்லோரும் அதன் பின்னால்.

கறுப்பு மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடமான கரியாகவே மிஞ்சும். அந்தக் கரிக்குள் ஒரு பொறி உயிரோடு இருந்தால் அடுத்த மருந்து உன் கையிலிருக்கும்போதே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் ஈரத் துடைப்பான் அடிவரை போய் வரட்டும். போர்க்களத்தில் மூன்றாம் எண் வீரனின் வேலை என்ன தெரியுமா? துடைக்கும்போதும் கெட்டிக்கும்போதும் தோல் உறை மாட்டிய கட்டைவிரலால் பற்றவைக்கும் துளையை அழுத்தி மூடிக்கொண்டு நிற்பது. காற்று புகுந்து பொறியை ஊதிவிடக் கூடாது என்பதற்காக. சின்னப் பீரங்கி என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பார்க்கவே எனக்குப் பதறுகிறது. நீ விடாதே. கெட்டிக்கும் கோலை விரல் நுனியில் பிடி. உள்ளங்கையை மேலே வைத்து அழுத்தாதே. குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், இடைவெளி இருந்தால் குழல் வீங்கும். இரண்டு வேட்டுக்கு நடுவே பத்து நிமிடம் விடு. கூடியிருப்பவர்கள் அவசரப்படுத்தினால் பீரங்கியைத் துணிபோட்டு மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போ. வீடு திரும்பிய அன்றே கொதிநீரும் சோப்பும் விட்டுக் கழுவிவிடு. கரி ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு பிடிக்கவைக்கும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: வாய்வழி மருந்தேற்றும் இத்தகைய பழம் மாதிரிகளை இந்நாட்டு மத்தியச் சட்டம் நவீனத் துப்பாக்கியாகக் கணக்கிடுவதில்லை. மாநிலத்துக்கும் ஊருக்கும் தனி விதிகள் உண்டு; வீட்டுக் கொல்லையில் சுடும் எண்ணத்தை விட்டுவிடு, அனுமதி பெற்ற களத்துக்கே வா. இந்தியாவுக்குப் போகும்போது அப்பாவிடம் காட்டலாமென்று பெட்டியில் வைத்துவிடாதே. அங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். புகைப்படம் காட்டு, போதும்.

துளை போடுவதற்கு முன் கெட்டிஸ்பர்க் போய் வா. சேம்பர்ஸ்பர்க் சாலையோரம் ஜெனரல் ஜான் பியூஃபர்டின் சிலை 1895இல் வைத்தது. அதன் காலடியில் நான்கு 3 அங்குலக் குழல்கள் இருக்கின்றன. 1863 ஜூலை 1 அன்று வடபடையின் முதல் பீரங்கி வேட்டைச் சுட்டதாகச் சொல்லப்படும் 233ஆம் எண் குழல் அவற்றில் ஒன்று. அந்தப் போர்க்களப் பூங்காவில் நிற்கும் இந்த வகைக் குழல்களின் வாய் முகப்பைப் பார்த்துக்கொண்டே போ. எண், ஆண்டு, ஆலை, எடை, சோதித்தவரின் பெயரெழுத்து எல்லாம் பொறித்திருக்கும். உன் குழலின் முகப்பிலும் ஆண்டையும், எஃகின் வகையையும், உன் பெயரெழுத்தையும் பொறித்துவிடு. நாளை அதை வாங்குகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து மருந்து போட வேண்டும் அல்லவா? சிறிய எழுத்துப் பஞ்ச் செட் என்னிடம் இருக்கிறது. சக்கரத்தைக் காட்ட வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் மாமா