பழைய ஜீப்பின் பற்சக்கரங்கள்: பட்டறை நம்பிக்கைகளும் உண்மைகளும்

எஞ்சினில் பிறக்கும் சுழற்சி, கிளட்ச் வழியாகக் கியர்பாக்ஸுக்கும், அங்கிருந்து அதை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பங்கிட்டுத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும், அதன் இருபுறமும் நீளும் புரொப்பல்லர் சாஃப்ட்டுகள் வழியாக டிஃபரன்ஷியல்களுக்கும், கடைசியாக ஆக்சில் தண்டுகள் வழியாகச் சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. சாதாரண வண்டியில் ஒன்றாக இருக்கும் பல உறுப்புகள், நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பில் இரண்டாக இருப்பதால், தேயும் இடங்கள் பெருகுவதோடு தேய்வைப் பற்றிய தவறான கணிப்புகளும் பெருகுகின்றன.

மகிந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1953இல் வெளிவந்து 1968இல் நிறுத்தப்பட்ட சிஜே-3பி மாடலின் அமைப்பு, இந்தியாவில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பெயர் மாறியும் எஞ்சின் மாறியும் தொடர்ந்தது. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகள் பலவும் அந்த வழியில் வந்தவையே. இவ்வளவு நீண்ட ஆயுளுடைய ஒரு வண்டியைப் பற்றிய பட்டறை அறிவு கைமாறிக் கைமாறி வந்ததில் வியப்பில்லை. அதில் பெரும்பகுதி சரியானதும்கூட. தவறிப்போன இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், தேய்வு என்பது ஓர் உறுப்பின் நோய் என்ற எண்ணமே பெரும்பாலும் அவற்றின் அடியில் இருப்பது தெரியும். தேய்வு இரண்டு பரப்புகளுக்கு இடையே நிகழ்வது. எனவே எதை மாற்றுவது என்ற கேள்விக்கு முன்னதாக, எதற்கும் எதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறது என்ற கேள்வி வர வேண்டும்.

“பின்னால் ஊளையிட்டால் கிரவுன் பினியன் போய்விட்டது”

பழைய ஜீப்புகளில் அதிகப் பணத்தை விழுங்கும் நம்பிக்கை இதுதான். புரொப்பல்லர் சாஃப்ட்டின் முனையில் இருக்கும் சிறிய பற்சக்கரம் பினியன் என்றும், அது சுழற்றும் பெரிய வட்டப் பற்சக்கரம் கிரவுன் என்றும் வழங்குகின்றன. நீளவாட்டில் வரும் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவது இந்த இணையே. இவை தேய்ந்தால் ஊளைச் சத்தம் வரும் என்பது உண்மை. ஊளைச் சத்தம் வந்தாலே இவை தேய்ந்துவிட்டன என்பது உண்மையன்று. முரட்டுக் கட்டம் போட்ட டயரின் ஓசை, தார்ச்சாலையிலிருந்து மண்பாதைக்கு இறங்கியவுடன் மாறிவிடும். சக்கர பேரிங்கின் இரைச்சல், வளைவில் வண்டியின் எடை ஒரு பக்கம் சாயும்போது கூடவோ குறையவோ செய்யும். பற்சக்கரத்தின் ஓசை மட்டுமே ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியிலும் காலை எடுக்கும்போது வேறொரு சுருதியிலும் ஒலிக்கும். அப்போதும் குற்றவாளி பற்களாக இல்லாமல், பினியனைத் தாங்கும் பேரிங் தளர்ந்து, அதனால் பற்கள் இடம்மாறிக் கடித்துக்கொண்டிருப்பதாக இருக்கலாம்.

இதை அறிய டிஃபரன்ஷியலின் பின்மூடியைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, கிரவுனின் சில பற்களில் மஞ்சள் நிறக் குறிப்பசையைத் தடவி, கையால் சுற்றிப் பார்ப்பதே பழைய, நம்பகமான வழி. பசை அழிந்த இடம் பல்லின் நடுவில், நீள்வட்டமாக இருந்தால் இணை சரியாகப் பொருந்தியிருக்கிறது. பல்லின் விளிம்பிலோ அடியிலோ ஒதுங்கியிருந்தால் பினியன் நிற்கும் ஆழம் தவறு. ஆழத்தைச் சரிசெய்வது ஷிம் எனப்படும் மெல்லிய உலோகத் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் வேலையாகும். அடுத்தபடியாக, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் அசைத்தால் கிடைக்கும் சிறு ஆட்டத்தை டயல் அளவியால் பார்க்க வேண்டும். டானா 44 வகைப் பின்னச்சில் இது 0.13 முதல் 0.23 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அளவு. இந்த இரண்டையும் பார்க்காமல் புது இணையைப் பூட்டினால் அது பழையதைவிட உரக்கக் கத்துவதும், ‘இப்போது வரும் சாமானே சரியில்லை’ என்ற அடுத்த நம்பிக்கை அங்கே பிறப்பதும் வழக்கம். பினியனை மட்டுமோ கிரவுனை மட்டுமோ மாற்றுவதும் பயனற்றது, ஏனெனில் இவை தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓட்டித் தேய்த்து இணையாக்கப்பட்டு, பொருந்தும் எண் பொறிக்கப்பட்டு வருபவை.

“ஜீப் ஆக்சில் என்றால் எந்த ஜீப்புக்கும் சேரும்”

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் முழு ஆக்சிலாகவே வாங்கி மாட்டிவிடுவது எளிது. ஸ்பிரிங் உட்காரும் இடமும் போல்ட்டு ஓட்டைகளும் பொருந்திவிட்டால் வேலை முடிந்ததாகவே தோன்றும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் எம்பி ஜீப்பின் கிரவுனில் 39 பற்கள், பினியனில் 8 பற்கள். அதாவது சாஃப்ட் 4.88 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பின்னாளில் வந்த சிஜே வகைகளில் 43க்கு 8 என்ற கணக்கு வந்ததால் அது 5.38 ஆயிற்று. ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் பூட்டிய ஜீப்பில், சக்கரம் கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுற்றுவதாகக் கொண்டால், ஒரு சாஃப்ட் ஏறத்தாழ 2,190 முறையும் மற்றது 2,420 முறையும் சுற்றியாக வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸோ இரண்டையும் ஒரே வேகத்தில் பிணைத்துவைத்திருக்கிறது. ஏறத்தாழ 225 சுற்றுகளான அந்த வேறுபாடு டயர் வழுக்கியோ உறுப்பு உடைந்தோ தீர்ந்தாக வேண்டுமே தவிர வேறு வழியில்லை. இரண்டு சக்கர இயக்கத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்கியவருக்கு இது தெரியவே தெரியாது. முதல் முறை முன்னச்சைச் சேர்க்கும் நாளில்தான் தெரியும்.

சோதிப்பதற்கு மூடியைக் கழற்றவும் தேவையில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றதை மட்டும் தூக்கி, சாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முறை சுற்றினால், சாஃப்ட் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறதா, ஐந்தேகால் சுற்றைத் தாண்டுகிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். முன்னச்சிலும் பின்னச்சிலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும்.

“நான்கு சக்கரமும் இழுத்தால் பாரம் பங்கிடப்பட்டுத் தேய்மானம் குறையும்”

சேற்றிலும் மணலிலும் சரளையிலும் இது சரி. காய்ந்த தார்ச்சாலையில் நேர்மாறானது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. பழைய ஜீப்பின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது சுமார் 2.03 மீட்டர்; பின்னச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆர வட்டத்தில் திரும்பினால், முன்னச்சின் நடுப்பகுதி செல்ல வேண்டிய வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 5.4 மீட்டர், எனவே தூரம் 8 விழுக்காடு கூடுதல். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இன்னொரு டிஃபரன்ஷியல் இல்லாத இவ்வகை ஜீப்பில் அந்த வேறுபாட்டுக்குப் போக்கிடம் இல்லாததால், சாஃப்ட்டுகளிலும் பற்களிலும் முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். மலைமேல் சமதளத்துக்கு வந்தபின் முன்னச்சைச் சேர்க்கும் லீவர் இறுகிக்கொண்டு விடாமல் நின்றால் அது கெட்டுவிட்டதாக எண்ணிச் சுத்தியலைத் தேடுவோர் உண்டு. வண்டியைச் சில அடி பின்னால் நகர்த்தினால் முறுக்கம் அவிழ்ந்து லீவர் தானே வந்துவிடும்.

முன்னச்சைத் தொடாமலே வைத்திருந்தால் அது புதிதாகவே இருக்கும் என்பதும் இதன் மறுபக்கமான பிழைதான். முன்சக்கர ஹப்பில் விடுவிப்புப் பூட்டு உள்ள ஜீப்புகளில், மாதக்கணக்கில் சுழலாத பற்களின் மேற்பகுதியிலிருந்து எண்ணெய் வழிந்து இறங்கிவிட, ஈரம் துருவாகிறது, ஆயில் சீலின் ரப்பர் உதடு ஒரே இடத்தில் படிந்து இறுகுகிறது. மாதம் ஒருமுறை மண்பாதையில் சில கிலோமீட்டர் முன்னச்சைச் சேர்த்து ஓட்டுவது போதும்.

“கிராஸ் மாற்றியும் அதிர்கிறது, சாஃப்ட் வளைந்திருக்கிறது”

சாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள மூட்டுகளில் கூட்டல் குறி வடிவில் இருக்கும் எஃகுத் துண்டைத்தான் பட்டறைகளில் கிராஸ் என்கிறார்கள். அதன் நான்கு முனைகளையும் ஊசி போன்ற சிறு உருளைகள் கொண்ட தொப்பிகள் மூடியிருக்கும். கிரீஸ் வற்றிய கிராஸைச் சாஃப்ட் கழற்றுவதற்கு முன்பே அடையாளம் காணலாம், ஏனெனில் தொப்பியின் விளிம்பில் செங்கல் பொடி போன்ற துருத்தூள் வளையமாகப் படிந்திருக்கும். அதை மாற்றுவது சரியே. தவறு பெரும்பாலும் திரும்பப் பூட்டும்போது நேர்கிறது.

இவ்வகை மூட்டு, கோணத்தில் வேலை செய்யும்போது, சீரான சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. 15 பாகை சாய்வில் நிமிடத்துக்கு 1,000 சுற்று உள்ளே வந்தால், வெளியே செல்வது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 966க்கும் 1,035க்கும் இடையே ஏறி இறங்கும். சாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் மூட்டு இதே ஏற்றத்தாழ்வை எதிர்த்திசையில் உண்டாக்கிச் சமன்செய்கிறது. அதற்கு இரு மூட்டுகளின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும், சாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்கவும் வேண்டும். நீண்டு சுருங்குவதற்காகச் சாஃப்ட்டின் நடுவே இருக்கும் பள்ளமிட்ட இணைப்பை ஒரு பள்ளம் தள்ளிச் செருகிவிட்டால் இந்தச் சமன் குலைந்து, புதுக் கிராஸும் சில மாதங்களில் போய்விடும். கழற்றும் முன் இரண்டு துண்டிலும் ஒரு கோடு கீறிவைப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. வண்டியை உயர்த்துவதற்காக ஸ்பிரிங்கின் தொங்கு கண்ணிகளை நீளமாக்கும் பழக்கமும், முன் பின் சாய்வுகளை வெவ்வேறாக்கி, இதே தொல்லையைக் கொண்டுவருவதாகும்.

எண்ணெயைப் பற்றிய நம்பிக்கைகள் தனிப் புத்தகத்துக்கு ஆகும். இரண்டு மட்டும் இங்கே போதும். 90 எண் கியர் ஆயில் 40 எண் எஞ்சின் ஆயிலைவிட இருமடங்கு கெட்டி என்பது முதலாவது. இவை இரண்டு தனித்தனி அளவுகோல்களின் எண்கள். 100 பாகை செல்சியஸில் 90 எண் கியர் ஆயிலின் பிசுபிசுப்பு, எஞ்சின் ஆயிலின் 40, 50 எண்களின் வரம்போடு ஒட்டியே நிற்கிறது. ஜிஎல்-4ஐவிட ஜிஎல்-5 உயர்ந்தது, எனவே எங்கும் ஊற்றலாம் என்பது இரண்டாவது. கிரவுன் பினியன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கியபடி கடிப்பதால், அந்த அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் மிகுந்த ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்குத் தேவை. கியர் மாறும்போது வேகங்களை இணக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அதே சேர்மங்கள் அரிக்கக்கூடும் என்பதாலும், அவ்வளையங்கள் பற்றிப் பிடிக்க வேண்டிய உராய்வு குறைந்துவிடும் என்பதாலும், பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4தான் ஏற்றது. விற்பதற்கு முன் மரத்தூளைக் கலந்து சத்தத்தை அடக்கும் தந்திரத்தை நம்பிக்கை என்று சொல்வதற்கில்லை. வாங்குபவர் வடிகால் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். மாவுபோல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்வு. மீன் செதில்போல் மின்னும் துணுக்குகள் அப்படியல்ல.

இறுக்கினால் பேரிங் நாள்படும் என்பதும் பாதி உண்மைதான். ஒரே கூம்பு உருளை வகையைச் சேர்ந்த பேரிங், பினியனில் சிறிது அழுத்தத்தோடு இறுக்கப்பட வேண்டும்; முன்சக்கர ஹப்பிலோ இறுக்கியபின் சற்றே தளர்த்தி, மயிரிழை ஆட்டம் விடப்பட வேண்டும். பின்சக்கர ஹப் கூம்பு வடிவ ஆக்சில் முனையில் செருகப்படும் ஜீப்புகளில் வேறொரு குழப்பம் உண்டு. அங்கிருக்கும் சிறு சாவிக்கட்டையே சக்கரத்தை இழுக்கிறது என்று நினைத்து, அது அறுந்தால் புதிதாக ஒன்றைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள். விசையைக் கடத்துவது கூம்புப் பரப்புகளின் பிடிப்பு. சாவி அறுந்ததென்றால் பிடிப்பு முன்பே போய்விட்டது என்று பொருள். நட்டை உரிய அளவுக்கு இறுக்கியபின் பின்னூசிக்கான துளை நேர்ப்படாவிட்டால், மேலும் இறுக்கி நேர்ப்படுத்த வேண்டும், ஒருபோதும் தளர்த்தி அல்ல.

உடைந்த பல்லையும் ஆக்சில் தண்டையும் வெல்டிங் வைத்துக் காப்பாற்றலாம் என்பதற்கு நீண்ட மறுப்பு வேண்டியதில்லை: மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகின் பதத்தை வெல்டிங் சூடு கெடுத்துவிடுகிறது, அடுத்த முறிவு ஒட்டுக்குப் பக்கத்திலேயே நேரும். ஆனால் ஆயில் சீல் உரசிப் பள்ளம் விழுந்த இடத்துக்கு மெல்லிய எஃகு உறை மாட்டுவது நேர்மையான, நீடிக்கும் பழுதுபார்ப்பு. அதற்காக முழு உறுப்பையும் மாற்றச் சொல்வதுதான் வீண்செலவு.

“கைப்பிரேக் போட்டிருக்கிறது, ஜாக்கி வைக்கலாம்”

இதுவரை சொன்னவை பணத்தோடு போகும். இது உயிரோடு விளையாடுவது. சிஜே-3பி போன்ற பழைய ஜீப்புகளில் கைப்பிரேக், சக்கரங்களில் இல்லாமல், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் சாஃப்ட் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரே ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. பின்சாஃப்ட்டைக் கழற்றியவுடன் அந்தப் பிரேக் பின்சக்கரங்களுக்கு இல்லாமல் போகிறது. கியரில் போட்டு நிறுத்தியிருப்பதும் அப்போது அவற்றைப் பிடிக்காது. சாஃப்ட் இருந்தாலும், ஒரு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய நொடியில், டிஃபரன்ஷியலின் இயல்புப்படி தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையிலிருக்கும் சக்கரம் எதிர்த்திசையிலும் சுழல முடிவதால், பிரேக் முழுப் பலத்தோடு பிடித்திருக்கும்போதே வண்டி சரிவில் உருளும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக அந்த டிரம்முக்குள் இறங்குகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. எனவே ஜாக்கியைத் தொடுமுன், தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தூக்கியபின் ஆக்சிலுக்கு அடியில் தாங்கிகளை நிறுத்திய பிறகே வண்டிக்குக் கீழே போக வேண்டும்.