சுற்றுலாவும் ஒரு பாடந்தான்



சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்தபின் வருவது இரண்டாம் தவணை. வழக்கமாக ஆகஸ்டு லீவு வரை போகும் இந்தத் தவணையில் கல்விச் சுற்றுலா, தமிழ்த் தினப் போட்டி, சாரணர் பயிற்சி என்று பல காரியங்கள் நடக்கும். பிள்ளைகள் கையில் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வருவார்கள். "அப்பா, இதுல கையெழுத்து வேணும், காசும் வேணும்" என்பார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் இம்முறை பேசப்போகிறோம்.

ஒரு தகப்பன் எங்களிடம் கேட்டார்: "ஏன் சார், நாலு நாள் பேரு காசக் குடுத்து மலையையும் ஆத்தையும் பாக்கப் போகணுமா? நாங்க தெனமும் மலையிலதானே நிக்கிறோம்?" நியாயமான கேள்விதான். ஆனால் போன வருஷம் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். தரம் 9இல் படிக்கும் ஒரு பிள்ளை சுற்றுலா நாளன்று காய்ச்சல் என்று லயத்தில் படுத்துக்கொண்டது. உண்மையில் காய்ச்சல் இல்லை, காசு இல்லை. பிறகு வகுப்பில் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து, போகாத இடத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறது. "நன்று" என்று ஆசிரியரும் போட்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதே டிவிசனுக்கு வாரம் ஒருமுறை போகும் நாங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது எங்கள் தவறு. இனி அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

போய் என்ன படிக்கலாம்?

கண்டிப் பக்கம் போகும் ஒரு நாள் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பேராதனைப் பூங்கா 1821ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. மகாவலி கங்கை அதை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1824இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைச் செடியை இங்கேதான் நட்டார்கள். அப்போது அது காட்சிச் செடி மட்டுமே. மலைநாட்டில் அந்தக் காலத்தில் கோப்பிதான் பயிர். நமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்ததும் கோப்பித் தோட்டங்களுக்குத்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 முதல் இலைநோய் வந்து கோப்பி அழிய, தேயிலை பரவியது.

பூங்காவைப் பார்த்துவிட்டு ஹந்தானைக்குப் போனால், 1925இல் கட்டிய பழைய தேயிலை ஸ்டோர் ஒன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. அந்தக் காலத்து இயந்திரங்களைப் பிள்ளை அங்கே கண்ணால் பார்க்கலாம். அம்மா கிள்ளும் கொழுந்துக்கு இவ்வளவு பெரிய சரித்திரமா என்று அதற்கு விளங்கும். இது தினமும் மலையில் நின்றாலும் தெரியவராத பாடம்.

பயம் நியாயமானதே

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லப் பாதையில், கொழும்பிலிருந்து வந்த மாணவர் சுற்றுலா பஸ் மோதி, வேனிலும் ஓட்டோவிலும் சென்ற 7 பேர் இறந்துபோனார்கள். இதை மறக்கமுடியாது. ஆகவே பிள்ளையை மறிப்பதை விட, கேள்வி கேளுங்கள். பஸ்ஸின் பிரேக், டயர் பார்த்தாயிற்றா? டிரைவர் மலைப்பாதை பழகியவரா? இரவில் ஓடுவார்களா? எத்தனை ஆசிரியர்கள் கூடப் போகிறார்கள்? பாடசாலைக் கூட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மழையையும் பார்க்கவேண்டும். மே முதல் செப்தெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுவதால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் அடைமழை. அதே காலத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயில் கூட. மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஆற்றிலும் நீர்வீழ்ச்சியிலும் குளிக்க இறங்கவே கூடாது.

பெண்பிள்ளைகளைப் பற்றி

"வயசுக்கு வந்த பிள்ளைய எப்படி அனுப்புறது?" என்று தாய்மார் கேட்கிறார்கள். ஆசிரியைமார் போகிறார்களா என்று விசாரியுங்கள். தாய்மார் இருவர் கூடப் போக இடம் தருமாறும் கேட்கலாம். தம்பியை அனுப்பி அக்காவை வீட்டில் நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

பாடசாலை விட்ட பிறகு

தமிழ்த் தினப் போட்டியில் பேச்சு, பாவோதல், நாட்டார் பாடல், நாடகம் எல்லாம் உண்டு. பாடசாலையில் வென்றால் வலயம், மாகாணம், தேசிய மட்டம் வரை போகலாம். நாட்டார் பாடலுக்குப் புத்தகம் தேடவேண்டியதில்லை. அம்மாயியைக் கேட்டாலே போதும். காமன்கூத்து ஆடிய தாத்தா லயத்தில் இருந்தால் அவரே ஒரு வாத்தியார். சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையிலும், பெண் சாரணியம் 1917இல் கண்டியிலும் தொடங்கியவை. இரண்டும் மலைநாட்டில் பிறந்தவைதான். இவற்றில் கிடைக்கும் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் நேர்முகப் பரீட்சைக்கு உதவும்.

பிள்ளை பயிற்சிக்கு நின்று பிந்தி வந்தால் ஏசாதீர்கள். எத்தனை மணிக்கு முடியும், யாரோடு வரும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

காசுக்கு ஒரு வழி

செலவு 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கடைசி வாரத்தில் அது மலைபோலத் தெரியும். தவணை தொடங்கிய நாளிலிருந்து வாரம் 200 ரூபா போட்டால் 10 வாரத்தில் சேர்ந்துவிடும். பத்து வீடுகள் சேர்ந்து சீட்டும் பிடிக்கலாம். புது உடுப்பு தேவையில்லை. ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தால் கடைச் செலவு மிச்சம். அப்படியும் முடியாவிட்டால் வெட்கப்படாமல் அதிபரிடமோ எங்களிடமோ முன்னாலேயே சொல்லுங்கள். பஸ் போன பிறகு சொன்னால் யாராலும் ஒன்றும் செய்யமுடியாது.

பிள்ளை திரும்பி வந்ததும் கேட்க மூன்று கேள்விகள்:

1. புதிதாக என்ன பார்த்தாய்?
2. அதில் நம் தோட்டத்தோடு சம்பந்தமானது எது?
3. எங்களையும் கூட்டிப்போனால் முதலில் எதைக் காட்டுவாய்?

அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெற்றோருக்கும் அது ஒரு பாடமாக இருக்கும்.