அழிப்பதற்கு முன் கணினியின் நோட்டைப் பாருங்கள்

நம் ஊரில் பல வீட்டு பீரோக்களில் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று துணி சுற்றிக் கிடக்கிறது. மகனோ மகளோ பிளஸ் டூ படித்தபோது வந்தது. கேட்டால், "இடம் நிறைந்துவிட்டது, ஓடமாட்டேன் என்கிறது" என்பார்கள். அப்படி ஒன்றை ஒரு சகோதரி நம் கணினி வகுப்புக்குக் கொண்டுவந்தார். பழுது பார்த்த இடத்தில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மவுத்தாகிப்போன அவருடைய அத்தாவின் போட்டோக்கள் அதில் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

அழிக்கத் தேவையில்லை என்பது கால் மணி நேரத்தில் தெரிந்தது. எப்படி என்பதுதான் இன்றைய பாடம்.

இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. எல்காட் மூலம் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தது. அது நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. டெபியனை 1993இல் தொடங்கியவர் இயன் மர்டாக். தம் பெயரையும் தோழி டெப்ராவின் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். டெபியனில் மென்பொருள்களை ஏற்றுவதும் இறக்குவதும் 'டிபிகேஜி' என்ற கருவியின் வேலை. உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம் பொருந்தும்.

தறி வீடுகளில் நூல் வரவும் துணிப் பற்றும் எழுதும் நோட்டு இருக்குமே, அதுபோல இந்தக் கருவியும் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. எந்த மென்பொருள் வந்தது, எந்தப் பதிப்பு, எந்தெந்தக் கோப்பை எங்கே வைத்தது என்பதெல்லாம் அதில் உண்டு.

மெனுவில் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் டி, பி, கே, ஜி என நான்கு எழுத்தைச் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி எல் என்ற சிற்றெழுத்தும் தட்டி, என்டர் அழுத்துங்கள். பட்டியல் வரும், ஆயிரம் வரிகளுக்கு மேல் வந்தாலும் பயப்படாதீர்கள். இது நோட்டைப் படிப்பது மட்டும்தான். பாஸ்வேர்டு கேட்காது, எதையும் மாற்றாது. பிள்ளைகள் தாராளமாகச் செய்து பார்க்கலாம். பட்டியல் திரையிலேயே நின்றுவிட்டால் க்யூ எழுத்தைத் தட்டினால் வெளியே வரலாம்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்து இருக்கும். ஐ, ஐ என்றால் மென்பொருள் முறையாக ஏறியிருக்கிறது. ஆர், சி என்றால் நீக்கப்பட்டுவிட்டது, அதன் அமைப்புக் கோப்பு மட்டும் தங்கியிருக்கிறது. பிறகு பெயர், பதிப்பு, சிறு விளக்கம். எல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டி ஒரு மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், அதன் கோப்புகள் இருக்கும் இடங்களைக் காட்டும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து இங்கே வேறு வேறு வேலை செய்யும். நம் வகுப்பில் எல்லோரும் தடுக்கி விழுவது இதில்தான்.

பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் நீக்காதீர்கள். 'லிப்' என்று தொடங்கும் வரிகள் நிறைய இருக்கும். அவை மற்ற மென்பொருள்களைத் தாங்கி நிற்பவை. ஒன்றை உருவினால் நான்கு சேர்ந்து போகும். நீக்கியே ஆகவேண்டுமானால் முதலில் ஒத்திகை பாருங்கள்: ஏ, பி, டி, சிறு கோடு, ஜி, இ, டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் எஸ் எழுத்தும், பிறகு 'ரிமூவ்' என்ற ஆங்கிலச் சொல்லும் மென்பொருளின் பெயரும். எவையெல்லாம் போகும் என்று சொல்லும். உண்மையில் எதையும் நீக்காது.

இந்த நோட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. டிபிகேஜி வழியாக வந்தவை மட்டுமே அதில் இருக்கும். பென்டிரைவில் இருந்து நாமே நகலெடுத்த படங்களும் வீடியோக்களும் இருக்காது.

சகோதரியின் கணினியில் பட்டியல் ஒழுங்காகவே இருந்தது, எல்லாம் ஐ, ஐ. அப்படியானால் இடத்தை அடைத்தது எது? மென்பொருள் புதுப்பிக்கும்போது இறங்கும் பொட்டலங்கள், ஏறி முடிந்த பிறகும் ஒரு கிடங்கு அடைவில் அப்படியே தங்கியிருந்தன. சாமானை எடுத்தபின் அட்டைப்பெட்டியைச் சேர்த்து வைப்பது போல. 'சூடோ' என்ற அனுமதிச் சொல்லை முன்னால் வைத்து, அதே ஏபிடி-கெட் கட்டளையோடு 'கிளீன்' என்று கொடுத்தோம். இந்த முறை பாஸ்வேர்டு கேட்டது. பெட்டிகள் போயின, மென்பொருள்களும் போட்டோக்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

போட்டோக்களை அன்றே ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தோம். உங்கள் வீட்டுக் கணினியையும் ஞாயிறு வகுப்புக்குக் கொண்டுவரலாம். சார்ஜரை மறக்காதீர்கள், பழைய பேட்டரிகள் பாடம் முடியும்வரை தாங்குவதில்லை.