நலம் வினாதல்

நண்பர் இருவர் வழியில் எதிர்ப்படின், ஒருவரை ஒருவர் 'நலமா?' என்று வினவுதல் மரபு. 'நலமே' என்று விடை வரும். வினவியவர் தம் வழியே செல்வார். விடை கூறியவரும் தம் வழியே செல்வார். அவர் உண்மையில் நலமாக இருக்கின்றாரா என்பதை வினவியவர் அறிந்தாரில்லை. அறிய விரும்பினாரா என்பதும் ஐயமே. வினா எழுந்தது, விடையும் வந்தது, அறிவு மட்டும் பிறக்கவில்லை. வழக்கத்திற்காக வினாதல் வேறு, அறிதற்பொருட்டு வினாதல் வேறு என்பது இதனால் விளங்கும்.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார் என்பதை இலக்கணப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். அவற்றுள் மூன்றனை மட்டும் இங்கு நினைவு கூர்வோம். விடையைத் தான் அறிந்திருந்தும், பிறன் அறிவை அளத்தற்கு வினவுவது அறிவினா. தான் அறியாத ஒன்றை அறிந்துகொள்ள வினவுவது அறியாவினா. பிறர்க்கு ஒன்றைக் கொடுக்கும் கருத்துடன் வினவுவது கொடைவினா.

பள்ளியில் நாள்தோறும் ஒலிக்கும் வினாக்களுள் மிகப் பல அறிவினாக்களே. 'காவிரி எங்கே தோன்றுகின்றது?' என்று ஆசிரியர் கேட்கின்றார். விடை அவர்க்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்பதையே அவர் அறிய விரும்புகின்றார். ஆனால், 'இரவில் நன்றாக உறங்கினாயா? உன் சொல்லைச் செவிமடுப்பார் உளரா? பள்ளிக்கு வருங்கால் உன் உள்ளம் மகிழ்கின்றதா, அஞ்சுகின்றதா?' என்னும் வினாக்களுக்கு விடை ஆசிரியர்க்குத் தெரியாது. மாணவன் ஒருவனுக்கே தெரியும். இத்தகைய அறியாவினாக்களைப் பல்லாயிரம் சிறுவர் சிறுமியரிடம் முறையாகக் கேட்டு, அவர்தம் விடைகளைக் கொண்டே அவர்தம் நலத்தைப் பெருக்க முயலும் பணி இன்று பல நாடுகளில் நடைபெற்று வருகின்றது. அதன் இயல்பையும் பயனையும் இப்பாடத்தில் காண்போம்.

மக்கள் வாழ்வில் 6 வயது முதல் 12 வயது வரையுள்ள காலத்தை நடுப்பிள்ளைப் பருவம் எனலாம். குழவிப் பருவத்தை அனைவரும் போற்றுவர். நம் புலவர்களும் அதனைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடினர். காளைப் பருவம் வந்துற்றால், அதன் வேகத்தைக் கண்டு பெற்றோர் விழிப்படைவர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பருவமோ அமைதியாகக் கழிகின்றது. குழந்தை நடக்கக் கற்றுவிட்டது, படிக்கவும் கற்றுவிட்டது, தொல்லை தருவதில்லை. ஆதலின், பெரியோர் தம் கண்ணைச் சற்றே அயர்த்துகின்றனர். ஆயினும், தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு நோக்குவதும், தோழமையின் இனிமையையும் தனிமையின் துன்பத்தையும் உணர்வதும், 'நான் வல்லவன்' என்றோ 'நான் எதற்கும் ஆகாதவன்' என்றோ தன்னைப் பற்றி ஒரு கருத்து வேர்கொள்வதும் இப்பருவத்திலேதான். புறத்தே அமைதி தோன்றினும், அகத்தே பெரும்பணி நடைபெறுகின்றது.

அமைதியை நலம் என்று மயங்கிய பிழை ஒன்றை நானே செய்ததுண்டு. என் வகுப்பில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். காலந்தாழ்த்து வரமாட்டான், குறும்பு செய்யமாட்டான், அவன் கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும். 'இவனைப் போல் இருங்கள்' என்று பிற மாணவர்க்குப் பலகாலும் கூறியுள்ளேன். ஒரு நாள் 'நேற்று மாலை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். வீட்டிற்குச் சென்று விளக்கேற்றியதையும், தங்கைக்குச் சோறிட்டதையும், வேலைக்குச் சென்ற தாய் வரும்வரை திண்ணையில் காத்திருந்ததையும் அவன் எழுதியிருந்தான். 'இவ்வூருக்கு வந்தபின் என்னோடு எவரும் விளையாடவில்லை. நேற்றும் மதிலோரம் நின்று பந்தாட்டத்தைப் பார்த்தேன்' என்று முடித்திருந்தான். நான் அதில் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரவில் படுக்கையில் சாய்ந்தபோதுதான் அவன் எழுதியதன் பொருள் என் நெஞ்சில் தைத்தது. அவன் ஏட்டைத் திருத்தினேன். அவன் உள்ளத்தைப் படித்தேனில்லை. நான் கேட்டது அறிவினா. அதனை அவன் அறியாவினாவாகக் கருதி உண்மை உரைத்திருந்தான். மறுநாள் மாணவர் இருவரை அழைத்து, அவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் செய்தேன். ஆயினும், அதற்கு முன் என்னிடம் பயின்று, ஒன்றும் உரையாமலே சென்ற மாணவர் எத்துணையரோ என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

ஓர் ஆசிரியரின் கண்ணுக்குத் தப்புவது, முறையாக வினவுவார்க்குப் புலப்படும் என்பதற்குக் கனடா நாட்டில் நடைபெற்றுவரும் முயற்சி சான்றாகும். அந்நாட்டின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் மாகாணம் உள்ளது. அங்குள்ள வான்கூவர் நகரத்துப் பல்கலைக்கழக அறிஞர்கள், பள்ளியில் புதிதாகச் சேரும் சின்னஞ்சிறு குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்து வந்தனர். அக்குழந்தைகளைப் பற்றிய வினாத்தாளை ஆசிரியர்களே நிரப்பினர். நான்காம் வகுப்பை எட்டிய சிறுவர்க்கு இம்முறை போதுமா என்னும் வினா எழுந்தது. அவர்கள் எழுதப் படிக்க வல்லவர்கள். தம் உள்ளத்தைத் தாமே எடுத்துரைக்க வல்லவர்கள். அவர்களைப் பற்றிப் பிறரைக் கேட்பதினும் அவர்களையே கேட்பது முறை எனக் கிம்பர்லி ஷோனர்ட்-ரைக்கல் என்னும் உளநூற் பேராசிரியையும் அவருடன் பணிபுரிந்தோரும் துணிந்தனர். அவர்கள் வகுத்த வினாத்தாள் 2009-10ஆம் பள்ளியாண்டில் வான்கூவர் நகரத்து நான்காம் வகுப்பு மாணவரிடையே நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஏழாம் வகுப்பிற்கும், அதன்பின் வேறு வகுப்புகளுக்கும் அது விரிந்தது.

அவ்வினாத்தாள் ஐந்து துறைகளைத் தழுவியது. உள்ளத்தின் உணர்வும் பிறரோடு பழகும் பண்பும் முதலாவது. வீட்டிலும் பள்ளியிலும் ஊரிலும் பெரியவரோடும் தோழரோடும் உள்ள உறவு இரண்டாவது. உணவு, உறக்கம் முதலிய உடல்நலம் மூன்றாவது. பள்ளி விட்டபின் பொழுது கழியும் வகை நான்காவது. பள்ளியில் பெறும் பட்டறிவு ஐந்தாவது. 'தன்பால் உண்மையான அக்கறை கொண்ட பெரியவர் ஒருவரேனும் பள்ளியில் உண்டா? காலையில் உண்டு வருவது வாரத்தில் எத்தனை நாள்?' என்பன போன்ற எளிய செய்திகளை அது கேட்கின்றது. ஒரு கூற்றை முற்றும் உடன்படுதல் முதல் முற்றும் மறுத்தல் வரை ஐந்து படிகள் தரப்பட்டிருக்கும். மாணவன் தன் உள்ளத்திற்கு ஒத்த படியைத் தேர்ந்துகொள்வான். விரும்பாத வினாவை விட்டுவிடவும் அவனுக்கு உரிமை உண்டு. ஒரு தனி மாணவனின் விடை பள்ளிக்கோ பெற்றோர்க்கோ தெரிவிக்கப்படுவதில்லை. பலர் விடைகளும் தொகுக்கப்பெற்றுப் பள்ளி வாரியாகவும் ஊர்ப்பகுதி வாரியாகவும் வெளிவருகின்றன. இம்மறைகாப்பு இன்றேல், அச்சமும் நாணமும் உண்மையின் வாயை அடைத்துவிடும் அன்றோ?

இவ்விடைகளால் தெளிந்த உண்மை ஒன்று உண்டு. அன்புடைய பெரியவர், நட்புடைய தோழர், நல்ல உணவும் உறக்கமும், பள்ளி விட்டபின் விரும்பிச் செய்யும் ஒரு செயல் ஆகிய இவற்றுள் எத்துணை மிகுதியாக ஒரு சிறுவன் பெற்றிருக்கின்றானோ, அத்துணை மிகுதியாக அவன் மகிழ்வும் நம்பிக்கையும் உடையவனாக இருக்கின்றான். இவை விலை மிகுந்த மருந்துகள் அல்ல. எந்த ஊரிலும் பெரியோர் மனம் வைத்தால் கொடுக்கக் கூடியவையே. மாலையில் விளையாட விரும்பியும் விளையாட இயலாமைக்குக் காரணம் யாது என்றும் அவ்வினாத்தாள் கேட்கின்றது. பணம் இல்லாமையா, இடம் தொலைவில் உள்ளமையா, உடனே வீடு திரும்ப வேண்டியிருத்தலா என்பது தெரிந்தால், எந்தத் தடையை முதலில் அகற்ற வேண்டும் என்பதும் தெரியும்.

சிறுவரை வினவும் வழக்கம் கனடாவோடு நிற்கவில்லை. இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே ஆகிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் 1982ஆம் ஆண்டில் தொடங்கிய பணி, உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் வளர்ந்தது. 11, 13, 15 வயது மாணவரை நான்காண்டுக்கு ஒரு முறை அது வினவி வருகின்றது. 8, 10, 12 வயதுச் சிறுவரை நோக்கிய மற்றோர் ஆய்வு 2016 முதல் 2019 வரை 35 நாடுகளில் நடைபெற்றது. இந்தியாவும் இலங்கையும் அவற்றுள் அடங்கும். 1,28,000க்கு மேற்பட்ட சிறுவர் அதில் விடை அளித்தனர். நம் நாட்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2022ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் 3,79,842 மாணவரை வினவியது. பெயரை எழுத வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. படிப்பும் தேர்வும் தேர்வின் முடிவுமே தம் கவலைக்குக் காரணம் என்று நூற்றுக்கு 81 பேர் கூறினர். அறிவினாக்களை மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு, இவ்விடை ஓர் எச்சரிக்கை ஆகும்.

சிறுவரை வினவுதல் பெரியோரின் பெருந்தன்மை அன்று. அது சிறுவரின் உரிமை. தம்மைப் பற்றிய செய்திகளில் தம் கருத்தை உரைக்கும் உரிமை சிறுவர்க்கு உண்டு என்பதை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1989ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை வகுத்துரைக்கின்றது. இந்தியா 1992ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது.

எனினும், இம்முறைக்கும் எல்லை உண்டு. வினாத்தாள் கூட்டத்தின் நிலையைக் காட்டும். மதிலோரம் தனித்து நிற்கும் ஒருவனைச் சுட்டிக் காட்டாது. அவனைக் காண்பதற்கு அருகிலுள்ள ஆசிரியரின் கண்ணும் தோழரின் நெஞ்சுமே வேண்டும். இனி, 'எம் பள்ளி உம் பள்ளியை வென்றது' என்று பறைசாற்றுதற்கு இவ்விடைகளைப் பயன்படுத்தினால், அறியாவினா மீண்டும் அறிவினாவாகத் திரிந்துவிடும். மாணவரும் உண்மையை விடுத்து, ஆசிரியர்க்கு உவப்பானதையே எழுதுவர். இவை எல்லாவற்றினும் பெரிய குறை, கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாதிருத்தல். 'பசிக்கின்றதா?' என்று கேட்டு, 'ஆம்' என்ற விடை பெற்றபின் வாளா இருப்பவர், கேளாதிருந்தவரினும் கொடியவர். அவரிடம் அச்சிறுவன் மறுமுறை வாய் திறவான். எனவே, நலம் வினாதல் அறியாவினாவாகத் தொடங்குதல் வேண்டும். கொடைவினாவாக முடிதல் வேண்டும்.

மாணவர்களே! உங்களிடமும் இத்தகைய வினாத்தாள் ஒரு நாள் வரக்கூடும். அது தேர்வு அன்று. அதில் சரி, தவறு என்பன இல்லை. உள்ளதை உள்ளவாறு எழுதுங்கள். பொறுக்கலாகாத துன்பம் உளதாயின், வினாத்தாளுக்காகக் காத்திராமல், நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் வாய் திறந்து கூறுங்கள். மேலும், நலம் வினாதற்குத் தாளும் வேண்டா, மையும் வேண்டா. உங்கள் வகுப்பில் பேசாது அமர்ந்திருக்கும் தோழன் அல்லது தோழியின் அருகில் இன்று மாலை சென்று அமருங்கள். 'நலமா?' என்று கேளுங்கள். கேட்டபின் எழுந்து சென்றுவிடாமல், விடை வரும்வரை காத்திருங்கள்.